உள்ளே ஒருத்தர், வெளியே ஒருத்தர்

(பட்டிமன்றத் தலைப்பு: குடும்பத்திற்குப் பெரிதும் மகிழ்ச்சி தருவது புதியதை வாங்குவதா? பழையதைப் பழுது பார்ப்பதா? 'பழையதைப் பழுது பார்ப்பதே!' என்ற அணியில் பேசியது.)

     

நடுவர் அவர்களே, எனக்கு முன்னாலே பேசிய எதிரணிச் சகோதரி ஒரு பட்டியல் போட்டாங்க. புது ஃபிரிட்ஜ் வாங்கணும், புது சோபா வாங்கணும், புது மிக்சி வாங்கணும், புது கார் வாங்கணும். கேட்டுக்கிட்டே இருந்த எனக்கு வயிற்றைக் கலக்கிடுச்சு. கடைசியிலே புது வீட்டுக்காரர் வாங்கணும்னு சொல்லிடுவாங்களோன்னு! (சிரிப்பு) சொல்லலை. ஏன் சொல்லலை? அந்த ஓர் இடத்திலே மட்டும் அவங்களும் பழுது பார்த்துத்தானே காலம் தள்ளுறாங்க! (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

ஆனா அந்த அம்மா ஒரு கேள்வி கேட்டாங்க பாருங்க, அது நல்ல கேள்வி. "பழைய காரை வச்சிருக்கீங்களே, அதிலே முன்கண்ணாடி உடைஞ்சா என்ன செய்வீங்க? சாமான் கிடைக்குமா? ஆள் கிடைக்குமா? பேசாம தள்ளிவிட்டுட்டுப் புதுசு வாங்கிக்கிட்டா நிம்மதிதானே?" அப்படின்னாங்க. நடுவர் அவர்களே, நான் வேற எதுவும் பேசப் போறதில்லை. இந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிட்டு உட்கார்ந்துடறேன். ஏன்னா எங்க வீட்டுக் காரிலே முன்கண்ணாடி உடைஞ்சது. நாங்களே எங்க வீட்டு வாசலிலே வச்சு மாத்தினோம்.

எங்க வீட்டிலே இருக்கிறது ஓர் அம்பாசிடர். 1982ஆம் ஆண்டு எங்க அப்பா வாங்கியது. கொல்கத்தாவுக்குப் பக்கத்திலே உத்தர்பாரா என்ற ஊரிலே பிறந்த வண்டி. 1950களின் கடைசியிலே தொடங்கி 2014 மே மாதம் வரைக்கும் அந்தத் தொழிற்சாலையிலே அம்பாசிடர் செஞ்சுக்கிட்டு இருந்தாங்க. அமைச்சர் போனதும் அதிலேதான், மணப்பெண் போனதும் அதிலேதான். பத்துப் பேர் ஏறினாலும் "இன்னும் ஒருத்தர் வரலாமே"ன்னு சொல்ற வண்டி அது! (சிரிப்பு)

ஒருநாள் திருச்சியிலேயிருந்து மதுரைக்குப் போறோம். நான் ஓட்டறேன், பக்கத்திலே என் மகள். விராலிமலையைத் தாண்டியதும் முன்னாலே போன லாரியின் சக்கரத்திலேயிருந்து ஒரு சின்னக் கல் தெறிச்சது. புளியங்கொட்டை அளவு இருக்கும். அவ்வளவுதான்! டப்புனு ஒரு சத்தம். எதிரே இருந்த ரோடு காணோம், லாரி காணோம், மலை காணோம். கண்ணாடி முழுக்கப் பால் கொட்டின மாதிரி வெள்ளையாப் போச்சு. பக்கத்து ஜன்னல் வழியாத் தலையை நீட்டிப் பார்த்து, மெல்ல ஓரம் கட்டி நிறுத்தினேன். என் மகள் என் தோளைப் பிடிச்ச பிடி மூணு நாள் வலிச்சது.

ஏன் அப்படி ஆச்சு? அதைத் தெரிஞ்சுக்கணும் நடுவர் அவர்களே. வண்டிக் கண்ணாடியிலே ரெண்டு சாதி. ஒண்ணு டஃபன்டு கண்ணாடி. நல்லாச் சூடாக்கி, திடீர்னு குளிர்காற்றை வீசி இறுக வைக்கிற கண்ணாடி. பலமானது. ஆனா உடைஞ்சா ஒரே நொடியிலே கற்கண்டு மாதிரி முழுக்கத் தூளாகும். பழைய வண்டிகள் பலவற்றிலே முன்னாலே இருந்தது இதுதான். இன்னொண்ணு லேமினேட்டட் கண்ணாடி. ரெண்டு கண்ணாடித் தகட்டுக்கு நடுவிலே ஒரு பிளாஸ்டிக் படலத்தை வச்சு ஒட்டினது. கல் பட்டா சிலந்திவலை மாதிரி விரிசல் விடும். ஆனா இடத்தைவிட்டு விழாது. விரிசல் விட்ட இடம் போக மிச்சத்திலே ரோடு தெரியும்.

இதைக் கண்டுபிடிச்ச கதையைக் கேளுங்க. பிரான்சு நாட்டிலே எதுவார் பெனெடிக்டஸ் என்று ஒரு வேதியியல் அறிஞர். 1903ஆம் ஆண்டு அவருடைய ஆய்வுக்கூடத்திலே ஒரு கண்ணாடிக் குடுவை கீழே விழுந்தது. விரிசல் விட்டது, சிதறலை. எடுத்துப் பார்த்தார். உள்ளே முன்பு இருந்த செல்லுலோஸ் நைட்ரேட் கரைசல் காய்ந்து, உட்புறத்திலே மெல்லிய தோலாப் படிஞ்சு, சில்லுகளைப் பிடிச்சு வச்சிருந்தது. கழுவாத குடுவை! (சிரிப்பு) நம்ம வீட்டிலே கழுவாத பாத்திரத்தைப் பார்த்தா சண்டை வரும். அவருக்குக் காப்புரிமை வந்தது! 1909ஆம் ஆண்டு பதிவு செஞ்சார். (கைதட்டல்)

நம்ம நாட்டிலே 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளிலே 100ஆவது விதி கண்ணாடியைப் பற்றியது. அதிலே 1993இலே ஒரு திருத்தம் வந்தது. மூணு வருஷம் கழிச்சு உற்பத்தியாகிற வண்டிகளுக்கெல்லாம் முன்கண்ணாடி லேமினேட்டடாத்தான் இருக்கணும்னு. எங்க வண்டி 1982. அந்தக் கட்டாயம் அதுக்கு இல்லை. சட்டம் விட்டுடுச்சு, லாரிச் சக்கரத்துக் கல் விடுமா?

வண்டியைக் கயிறு கட்டி இழுத்துக்கிட்டு வந்து வாசலிலே நிறுத்தியாச்சு. உடனே வீட்டிலே ஒரு பட்டிமன்றம்! என் மகன் கணினித் துறையிலே இருக்கான். "அப்பா, வித்துடலாம்ப்பா. மாசத் தவணையிலே புதுசு எடுத்துக்கலாம்" என்றான். என் துணைவியார் நடுவர். நடுவர் எந்தப் பக்கம்னு கடைசி வரைக்கும் தெரியாது! (சிரிப்பு) நான் மெதுவா, "நாமே மாத்திடலாம்"னேன். அவங்க என்னை மேலேயும் கீழேயும் பார்த்தாங்க. "ஏங்க, தொல்காப்பியத்தைத் திருப்பற கைக்கு ஸ்பேனர் எதுக்குங்க?" (சிரிப்பு, கைதட்டல்)

தெருக்கோடியிலே ஒரு பெரியவர் இருக்கார். நாற்பது வருஷம் டிங்கரிங் வேலை பார்த்தவர். அவர்தான் வந்து பார்த்துட்டுச் சொன்னார்: "சார், இது ரப்பர் பீடிங்லே நிக்கிற கண்ணாடி. ரெண்டு ஆள் இருந்தா வீட்டிலேயே போட்டுடலாம். புது வண்டியா இருந்தா தொடவே விடமாட்டேன்." இந்த ரெண்டாவது வாக்கியம் முக்கியம். வள்ளுவர் வலியறிதல், காலமறிதல், இடனறிதல்னு மூணு அதிகாரத்தை வரிசையா வச்சிருக்கார். 48, 49, 50. இந்த மூணும் எங்களுக்கு அன்றைக்கு வேண்டியிருந்தது.

முதலிலே வலியறிதல். எது நம்மாலே முடியும்? இப்போ வருகிற கார்களிலே முன்கண்ணாடியைப் பாலியூரித்தேன் பசை போட்டு உடம்போட ஒட்டிடறாங்க. கூரையின் பலத்திலே அந்தக் கண்ணாடிக்கும் பங்கு உண்டு. பல வண்டிகளிலே முன்சீட்டுக்காரரின் காற்றுப்பை விரியும்போது அதிலேதான் முட்டுக்கொடுத்து நிற்கும். பசை சரியாக் காயலைன்னா ஆபத்து நேரத்திலே கண்ணாடி கழன்று போகும். சில கார்களிலே கண்ணாடிக்குப் பின்னாலே கேமராவே இருக்கு. அதையெல்லாம் வீட்டிலே தொடக் கூடாது. எதிரணிக்கு இந்த ஓர் இடத்தை நான் மனசாரத் தர்றேன். ஆனா அம்பாசிடரிலே கண்ணாடியைச் சுற்றி ஒரு தடித்த ரப்பர். அதிலே ரெண்டு பள்ளம். ஒரு பள்ளத்திலே கண்ணாடி உட்காரும், இன்னொரு பள்ளத்திலே வண்டியின் தகர விளிம்பு உட்காரும். பசையில்லை, திருகாணியில்லை. பிடிமானம் முழுக்க அந்த ரப்பர்தான்.

அடுத்தது கண்ணாடி வாங்கற படலம். சென்னை புதுப்பேட்டை மாதிரி இடங்களிலே இன்னமும் பழைய வண்டிச் சாமான் தேடலாம். நாங்க முதலிலே எங்க ஊரிலே ஒரு கடைக்குப் போனோம். கடைக்காரர் ஒரு பழைய வண்டியிலே கழற்றின கண்ணாடியைக் காட்டினார். "சார், டஃபன்டு. விலை பாதிதான். உங்க வண்டிக்கு இது போதும்" என்றார். பாதி விலைன்னதும் என் கை சட்டைப்பைக்குப் போச்சு. வாத்தியார் கை! (சிரிப்பு) என் மகள் கையைப் பிடிச்சா. "அப்பா, இனிமே இந்த வண்டியிலே நான் ஓட்டப் பழகப் போறேன். அன்னைக்கு மாதிரி ரோடு மறைஞ்சா நீங்க ஓரங்கட்டினீங்க. நான் என்ன செய்வேன்?"

கடை அமைதியாயிடுச்சு நடுவர் அவர்களே. (அரங்கில் அமைதி) வேறொரு கடையிலே புது லேமினேட்டட் கண்ணாடியே வாங்கினோம். ஓரத்திலே பொறிச்சிருக்கிற எழுத்தை அவளே படிச்சுப் பார்த்தா. லேமினேட்டட்னு இருக்கா, ஐ.எஸ். 2553 என்ற தர எண் இருக்கா, நிறம் போடாத கண்ணாடியா? முன்கண்ணாடி வழியா நூற்றுக்கு 70 பங்கு வெளிச்சமாவது வரணும், அது விதி. கூடவே புது ரப்பர் பீடிங்கும் வாங்கினோம். பழைய ரப்பர் வெயிலிலே காய்ஞ்சு முறுக்கு மாதிரி இருந்தது. அதைத் திரும்பப் போட்டா தண்ணி ஒழுகும்.

ரெண்டாவது காலமறிதல். மழை வர்ற நாளிலே இந்த வேலையை எடுக்கக் கூடாது. வெயில் ஏறுகிற நேரம் நல்லது. ரப்பர் இளகிக் கொடுக்கும். மூணாவது இடனறிதல். சமதரை வேணும். கண்ணாடியை வெறும் சிமெண்டுத் தரையிலே ஊன்றக் கூடாது. லேமினேட்டட் கண்ணாடிக்கு நடுவிலே பலம், ஓரத்திலே பலவீனம். நாங்க கட்டிலிலே ஜமக்காளத்தை விரிச்சுப் படுக்கவச்சோம். மாப்பிள்ளைக்குக்கூட அப்படி விரிச்சதில்லை! (சிரிப்பு)

ஞாயிற்றுக்கிழமை காலை. கைக்குத் தோலுறை, கண்ணுக்குக் கண்ணாடி. வைப்பர் கைகளைக் கழற்றினோம். டேஷ்போர்டு மேலே காற்று வர்ற ஓட்டைகளிலே துணியை அடைச்சோம். இல்லேன்னா சில்லு உள்ளே போய் உட்கார்ந்துக்கும். தூளை அள்ளினோம், பழைய ரப்பரைக் கத்தியாலே அறுத்து எடுத்தோம்.

எடுத்ததும் தெரிஞ்சுது துரு! கீழ் மூலை ரெண்டிலேயும் தகர விளிம்பு செதில் செதிலா உரிஞ்சு நின்றது. ரப்பருக்கு அடியிலே பல வருஷமாத் தண்ணி தேங்கியிருக்கு. வெளியிலேயிருந்து பார்த்தா பளபளன்னு பெயிண்ட். பெரியவர் விரலாலே தட்டிப் பார்த்துட்டுச் சொன்னார்: "சார், நல்ல வேளை. இன்னும் ரெண்டு மழைக்காலம் போயிருந்தா விளிம்பே இருந்திருக்காது. அதுக்கப்புறம் கண்ணாடி எதைப் பிடிச்சு நிக்கும்?" எதிரணி நண்பர்களே, தள்ளிவிட்டுப் புதுசு வாங்கியிருந்தா இந்தத் துருவோடதானே அந்த வண்டி இன்னொரு குடும்பத்துக்குப் போயிருக்கும்? அந்தக் குடும்பத்துப் பிள்ளை அதிலே உட்கார்ந்திருக்குமே! (கைதட்டல்)

உப்புத்தாளைப் போட்டுத் தேய்ச்சோம், வெள்ளைத் தகரம் தெரியற வரைக்கும். ரெட் ஆக்சைடு அடிச்சோம். காயவிட்டோம். மேலே பெயிண்ட் பூசினோம். அதோட அந்த ஞாயிறு முடிஞ்சது. அவசரப்பட்டு ஈரப் பெயிண்டு மேலே ரப்பரைப் போடக் கூடாதுன்னு பெரியவர் உத்தரவு. வண்டிக்குத் தார்ப்பாய் போட்டு மூடினோம்.

அடுத்த ஞாயிறுதான் கச்சேரி. முதலிலே வெறும் கண்ணாடியைத் துளையிலே வச்சு அளவு பார்த்தோம். அப்புறம் ரப்பரைக் கண்ணாடியைச் சுற்றி மாட்டினோம். தகர விளிம்பு உட்காரணுமே, அந்த ரெண்டாவது பள்ளத்திலே ஒரு மெல்லிய நைலான் கயிற்றைச் சுற்றிவர நுழைச்சோம். கயிற்றின் ரெண்டு முனையும் கீழே நடுவிலே ஒன்றன்மேல் ஒன்று ஒரு சாண் ஏறி, வண்டிக்கு உள்பக்கமாத் தொங்கணும். பள்ளத்திலே சோப்புத் தண்ணி தடவணும். எண்ணெய் கூடாது, கிரீஸ் கூடாது, ரப்பரைத் தின்றுவிடும். ரெண்டு பேர் தூக்கி வெளியிலேயிருந்து கண்ணாடியைத் துளையிலே பொருத்தி, நடுவா நிறுத்தணும்.

இப்போதான் விஷயம். ஒருத்தர் வண்டிக்கு உள்ளே. ஒருத்தர் வெளியே. உள்ளே இருக்கிறவர் கயிற்றை மெல்ல இழுக்க இழுக்க, ரப்பரின் உதடு தகர விளிம்பைத் தாண்டி உள்பக்கமா வந்து உட்காரும். வெளியே இருக்கிறவர் கயிறு போகிற அதே இடத்திலே உள்ளங்கையாலே தட்டி அழுத்திக்கொடுக்கணும். முஷ்டியாலே குத்தக் கூடாது. உள்ளே இருக்கிறவர் வேகமா இழுத்தா ரப்பர் கிழியும். வெளியே இருக்கிறவர் வேறிடத்திலே அழுத்தினா கண்ணாடி விரிசல் விடும். தனியா ஒருத்தராலே முடியாது. ரெண்டு பேரும் பேசிக்கிட்டே செய்யணும்.

உள்ளே யார்? என் மகள். வெளியே யார்? "வித்துடலாம்"னு சொன்னானே, என் மகன்! (கைதட்டல்) ஒரு வாரமா அக்காவும் தம்பியும் இந்த வண்டி விஷயத்திலே முகம் கொடுத்துப் பேசிக்கலை. இப்போ பேசியே ஆகணும். "டேய், இடது மூலைக்கு வர்றேன், அழுத்துடா." "அக்கா, மெதுவா. நில்லு. ம், இப்போ இழு." நானும் பெரியவரும் கண்ணாடி சறுக்காமப் பிடிச்சுக்கிட்டு நிற்கிறோம். நடுவர் அம்மா திண்ணையிலேயிருந்து, "வலது பக்கம் ஒரு நூல் ஏறியிருக்கு"ன்னு தீர்ப்பு சொல்றாங்க. (சிரிப்பு) சரியாத்தான் சொன்னாங்க! கடைசி ஒரு சாண் கயிறு வெளியே வந்ததும் ரப்பர் 'பொத்'துனு உட்கார்ந்தது. ரெண்டு பேரும் கண்ணாடிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரிச்சாங்க பாருங்க, அதை எந்த ஷோரூமிலே மாதத் தவணைக்குத் தருவாங்க? (பலத்த கைதட்டல்)

அதோட விட்டுடக் கூடாது. ரப்பருக்கும் தகரத்துக்கும் நடுவிலே, ரப்பருக்கும் கண்ணாடிக்கும் நடுவிலே, இறுகாத வகைக் கசிவடைப்புப் பசையை மெல்லிசாப் போட்டோம். மறுநாள் தண்ணிச் சோதனை. ஓஸ் குழாயிலே மெல்லிய தாரை. கீழேயிருந்து தொடங்கி மேலே போகணும். அப்போதான் எந்த இடத்திலே ஒழுகுதுன்னு தெரியும். உள்ளே டார்ச்சோட ஒருத்தர். ஒரு சொட்டு இல்லை. 15 வருஷம் தாண்டின சொந்த வண்டிக்கு 5 வருஷத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்கணும். அடுத்த தடவை ஆய்வுக்குப் போனப்போ என் மகள்தான் ஓட்டிக்கிட்டுப் போனா.

நடுவர் அவர்களே, எதிரணியிலே நேரம் பொன்னானதுன்னு சொன்னாங்க. ஆமாம், எங்களுக்கு ரெண்டு ஞாயிறு போச்சு. ஆனா அந்த ரெண்டு ஞாயிறும் நாலு பேரும் ஒரே வாசலிலே இருந்தோம். மற்ற ஞாயிற்றுக்கிழமைகளிலே நாலு பேரும் நாலு மூலையிலே நாலு செல்போனோட இருக்கோம்! புதுசு வாங்கறதுக்கு ஒரு கையெழுத்து போதும். பழுது பார்க்கறதுக்கு உள்ளே ஒருத்தர், வெளியே ஒருத்தர் வேணும். நடுவிலே பேச்சு வேணும். அந்தப் பேச்சு இருக்கிற வீட்டிலே மகிழ்ச்சியைத் தனியாத் தேட வேண்டியதில்லை.

கஞ்சத்தனத்தாலே நான் பழசைத் தாங்கிப் பேசலை. பாதி விலைக் கண்ணாடியை வேண்டாம்னு சொன்ன மகளின் அப்பனாப் பேசறேன். எதை மாத்தணுமோ அதை நல்லதா மாத்து. எது நிற்குமோ அதை நிறுத்து. உன் கைக்கு மீறினதை விவரம் தெரிஞ்சவர் கையிலே கொடு. இந்த மூணையும் கத்துக்கொடுக்கிற பள்ளிக்கூடம் பழுது பார்க்கிற வீடுதான். ஆகவே குடும்பத்திற்குப் பெரிதும் மகிழ்ச்சி தருவது பழையதைப் பழுது பார்ப்பதே என்று நல்லதொரு தீர்ப்பை வழங்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

(நீண்ட கைதட்டல்)